கிளட்ச் இல்லாத பெட்டி

அந்தப் பட்டறைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. கியர்பாக்ஸ் வேலை மட்டும்தான் அங்கே நடக்கும். கியர்பாக்ஸை வண்டிக்காரர்கள் பெட்டி என்றுதான் சொல்வார்கள். அதனால் அதை நடத்துகிறவருக்குப் பெட்டிக்காரர் என்று பெயர் விழுந்துவிட்டது. இடத்தைப் பெட்டிக்கடை என்றார்கள். யாரோ சொன்னதைக் கேட்டுத் தீப்பெட்டி வாங்க வந்து நின்றவர்களும் உண்டு. அவர்களுக்குத் தன் சட்டைப் பையிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுத்து அனுப்புவாரே தவிர, பலகை மட்டும் வைக்கவில்லை.

இன்ஜின் கோளாறு என்று வந்தால் தொடமாட்டார், அடுத்த தெருவுக்குக் கை காட்டிவிடுவார். முப்பது வருஷமாக ஒரே வேலை. வண்டி தெருமுனையில் திரும்பும்போதே எந்தப் பல் போயிருக்கிறது என்று சொல்லிவிடுவார் என்று ஊரில் பேச்சு. அது கொஞ்சம் கூட்டிச் சொன்னதுதான். பாதி சொல்வார், மீதியை, பெட்டியைத் திறந்ததும் "நான் நினைச்சது சரிதான்" என்று சொல்லிச் சரிக்கட்டிவிடுவார்.

அப்படிப்பட்டவர் ஒரு வண்டியின் பெட்டியை நாலு மாதத்தில் மூன்று முறை இறக்கி, மூன்று முறையும் ஒன்றும் கண்டுபிடிக்காமல் ஏற்றினார். வேறு யார் வண்டியும் இல்லை, தங்கை புருஷனுடைய ஜீப்.

தங்கை புருஷன் மலைக்கு வண்டி ஓட்டுகிறவர். ஊருக்குப் பின்னால் இருக்கும் மலையின் உச்சியில் செல்போன் கோபுரம் ஒன்று இருந்தது. அதற்கு வேண்டிய டீசல், பேட்டரி, பழுது பார்க்க வரும் ஆட்கள், எல்லாவற்றையும் ஏற்றிப் போவது அவர்தான். பாதை என்று சொல்வதே மரியாதைக்குத்தான். பாறையும் சரளையுமாக இருபத்திரண்டு வளைவு. நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற வண்டிதான் ஏறும், அதுவும் ஓட்டுகிறவருக்குப் பாதை மனப்பாடமாக இருந்தால். அவருடைய ஜீப்புக்கு வயது இருபத்தெட்டு. கல்யாணத்துக்கு முன்பே வாங்கியது. அதனால் தங்கை அதை மூத்தவள் என்பாள். பிள்ளைகள் இல்லாத வீடு. இரண்டு பேரும் திட்டுவதற்கும் கொஞ்சுவதற்கும் அந்த வண்டிதான் கிடைத்தது.

"கியர் உறுமுது மச்சான். மூணாவது விழமாட்டேங்குது" என்று வந்து நின்றார் ஒருநாள்.

பெட்டிக்காரர் தானே ஏறி ஓட்டிப் பார்த்தார். மூன்றாவது வெண்ணெயாக விழுந்தது. இருந்தாலும் தங்கை புருஷன் சொல்கிறாரே என்று கிளட்ச் தட்டை மாற்றிக் கொடுத்தார். ஒரு மாதம் கழித்து அதே புகார். இந்த முறை பெட்டியை முழுசாகப் பிரித்து, பேரிங் எல்லாம் புதிதாகப் போட்டார். மறுபடியும் வந்தார். மூன்றாவது முறை இறக்கியபோது பெட்டிக்காரருக்குக் கோபம் வந்துவிட்டது.

"பெட்டியில ஒரு குத்தமும் இல்ல மாப்பிள்ளை. நீ கிளட்ச்ச முழுசா மிதிக்கிறதில்ல. வயசாக ஆக சோம்பேறித்தனம் வருது உனக்கு."

"முழுசாத்தான் மிதிக்கிறேன்."

"மிதிச்சா ஏன் உறுமுது? நான் ஓட்டினா கம்முனு இருக்கு. என் தங்கச்சி மாதிரி இந்த வண்டியும் உன்னைப் பாத்தாத்தான் உறுமுதா?"

மாப்பிள்ளை சிரித்துக்கொண்டே எழுந்து போனார். போகும்போது சிமெண்ட் தரையில் ஒரு சத்தம். ஒரு காலுக்கு இல்லாமல் மறு காலுக்கு மட்டும் சரக், சரக் என்று. சத்தத்தைக் கேட்டுப் பிழைக்கிறவருக்கு அது காதில் விழாமல் இருக்குமா? கூப்பிட்டு நிறுத்தினார்.

"செருப்பைக் கழட்டு."

"என்ன மச்சான், அடிக்கப் போறியா?"

கழற்றிக் கொடுத்தார். வலது செருப்பு எல்லாருக்கும் தேய்வதுபோலக் குதிகால் பக்கம் தேய்ந்திருந்தது. இடது செருப்பில் குதிகால் புதுசு மாதிரி இருந்தது. முனை மட்டும் வார் வரைக்கும் தேய்ந்து போயிருந்தது. எது எங்கே தேய்ந்திருக்கிறது என்று பார்த்துக் காரணம் சொல்வதுதான் பெட்டிக்காரரின் பிழைப்பு.

"எத்தனை நாளா இப்படி இழுத்து நடக்குற?"

"இழுக்கிறேனா?" என்றார் மாப்பிள்ளை. உண்மையிலேயே அவருக்குத் தெரிந்திருக்கவில்லை.

முதலில் முதுகெலும்பு என்றார்கள். பிறகு சத்துக் குறைவு என்றார்கள். மூன்றாவதாகப் பார்த்த பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் ஊசி ஊசியாகக் குத்தித் தசைகளைச் சோதித்து, இரண்டு வாரம் கழித்து மூன்று பேரையும் உட்கார வைத்துச் சொன்னார். தசைக்குக் கட்டளை கொண்டுபோகிற நரம்புகள் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டு வருகின்றன. காலில் தொடங்கியிருக்கிறது. ஏறும். புத்திக்கு ஒன்றும் ஆகாது. மருந்து இருக்கிறது, கொஞ்சம் மெதுவாக்கும், நிறுத்தாது.

தங்கை சுவரில் இருந்த படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை, "வண்டி ஓட்டலாமா?" என்று கேட்டார். டாக்டர் பிடி கொடுக்காமல் ஏதோ சொன்னார்.

அவர்கள் இருவரையும் வெளியே அனுப்பிவிட்டுப் பெட்டிக்காரர் மட்டும் பின்தங்கினார்.

"எத்தனை மாசம்னு சொல்லுங்க டாக்டர்."

"சொல்ல முடியாது. ஆளுக்கு ஆள் மாறும்."

"எங்க தொழில்ல கூட ஒரு தேதி சொல்வோம்."

"சொன்ன தேதிக்குக் கொடுப்பீங்களா?" என்று கேட்டார் டாக்டர். கிண்டலாக இல்லை, களைப்பாகத்தான் கேட்டார்.

அன்று வீட்டுக்கு வந்ததும் அவர் முதலில் நினைத்தது, மூன்று முறை பெட்டியை இறக்கிய அந்த நாலு மாதத்தைத்தான். கோளாறு எங்கே இருக்கிறது என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு இரும்புக்குள் தேடியிருக்கிறார். அது பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்திருக்கிறது. நாலு மாதம் முன்பே தெரிந்திருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அது அவருக்கு ஆறுதலாகவே படவில்லை.

பத்து நாள் கழித்து மாப்பிள்ளை ஒரு கைத்தடியோடு பட்டறைக்கு வந்தார்.

"மச்சான், இடது கால்தானே போச்சு. இடது காலுக்கு வண்டியில என்ன வேலை? கிளட்ச் மிதிக்கிறது மட்டும்தான். கிளட்ச்சே இல்லாத பெட்டி ஒண்ணு போட்டுக் குடு."

தானாகவே கியர் மாறுகிற ஆட்டோமேட்டிக் பெட்டியைச் சொல்கிறார் என்று புரிந்தது. பெட்டிக்காரருக்கு அந்த ஜாதிப் பெட்டியைக் கண்டாலே ஆகாது. ஓட்டுகிறவனை ஒரு வார்த்தை கேட்காமல் தன் இஷ்டத்துக்குக் கியர் மாற்றுகிற பெட்டி என்ன பெட்டி என்பார். வாழ்நாளில் ஒன்றைக்கூடத் திறந்ததில்லை. இருபத்தெட்டு வயசு ஜீப்புக்குள் அதைத் திணிப்பது லேசுப்பட்ட காரியமும் இல்லை. இன்ஜினோடு பொருந்த வேண்டும், பின்னால் நாலு சக்கரத்துக்கும் விசையைப் பிரித்துக் கொடுக்கிற சின்னப் பெட்டியோடும் பொருந்த வேண்டும், அடிச்சட்டத்தை வெட்ட வேண்டும்.

"ஆகும்" என்றார்.

வேறு என்ன சொல்வது? ஆஸ்பத்திரியில் அவரால் ஆவது ஒன்றுமில்லை. இங்கே ஏதோ ஒன்று ஆகும் என்று தோன்றியது.

பெட்டி கிடைக்கவே இரண்டு மாதம் போயிற்று. அதே குடும்பத்து இன்ஜின் உள்ள பழைய பயணிகள் வேன் ஒன்று எங்கோ நசுங்கிக் கிடப்பதாகக் கேள்விப்பட்டுப் போய், பழைய இரும்புக் கடையில் இரண்டு நாள் படுத்துக் கிடந்து கழற்றி எடுத்து வந்தார். இதற்கிடையில் தங்கை புருஷனைக் கேட்காமலே கோபுரக்காரர்கள் மலை வேலைக்கு வேறு ஆளைப் போட்டிருந்தார்கள். "வண்டி ரெடியானதும் பேசிக்கலாம்னு சொல்லியிருக்காங்க" என்றார் மாப்பிள்ளை. அப்படி யாரும் சொல்லவில்லை என்று தங்கை பிறகு சொன்னாள்.

தினமும் காலையில் தங்கை வேலைக்குப் போகும் வழியில் அவரை ஆட்டோவில் கொண்டுவந்து பட்டறையில் விட்டுவிட்டுப் போவாள். அவள் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை பார்த்தாள். மாப்பிள்ளை நாற்காலியில் உட்கார்ந்து ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பார், பேசுவார். பெட்டிக்காரர் கைப்பேசியில் யாரோ வேற்று மொழிக்காரன் ஆட்டோமேட்டிக் பெட்டியைப் பிரிக்கிற படத்தை ஓடவிட்டு, நிறுத்தி, பின்னால் தள்ளி, மறுபடி ஓடவிட்டு வேலை செய்தார். இந்த வயசில் பள்ளிக்கூடமா என்று மாப்பிள்ளை கேலி செய்வார்.

பெட்டியின் அடிவயிற்றில் ஒரு தட்டு. அதைக் கழற்றினால் உள்ளே புழு அரித்த மரம் மாதிரி வளைந்து வளைந்து போகிற எண்ணெய்க் கால்வாய்கள். அவற்றில் அங்கங்கே பட்டாணி அளவு எஃகுக் குண்டுகள் உட்கார்ந்திருக்கும். எண்ணெய் எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதை அந்தக் குண்டுகள்தான் காவல் காக்கின்றன. அந்தப் படத்தில் மெதுவாகத் தூக்கச் சொல்லியிருந்தான். பெட்டிக்காரர் மெதுவாகத்தான் தூக்கினார். குண்டுகள் பொலபொலவென்று கொட்டிச் சிதறின. பொறுக்கி எண்ணினால் ஏழு. இருக்க வேண்டியது எட்டு.

அரை நாள் தேடினார். மேசைக்கு அடியில், பழைய பெட்டிகளுக்கு நடுவில், கழிவுப் பஞ்சுக்குள், சாக்கடை வாயில். குச்சி முனையில் காந்தம் கட்டித் தரையெல்லாம் துழாவினார். ஒரு குண்டு குறைந்தாலும் பெட்டி வேலை செய்யாது. அளவு தவறாமல் இன்னொன்றுக்கு எங்கே போவது?

"மச்சான்" என்று மாப்பிள்ளை மெதுவாகக் கூப்பிட்டார். "உன் எட்டாவது புள்ள இங்க இருக்கான்."

நாற்காலிக் காலுக்குப் பக்கத்தில் தரை வெடிப்பில் பளபளத்துக்கொண்டிருந்தது. மாப்பிள்ளை கைத்தடியை மடியில் வைத்துவிட்டு, சிரித்த முகத்தோடு குனிந்து அதை எடுக்கப் போனார். கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் குண்டின் மேல் போய் உட்கார்ந்தன. ஆனால் சேரவில்லை. இன்னொரு முறை முயன்றார். குண்டு வழுக்கி ஒரு விரற்கடை உருண்டது. மூன்றாவது முறை விரல்களையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

இருவருக்கும் அது ஒரே நேரத்தில் புரிந்தது. பெட்டிக்காரர் வந்து குண்டை எடுத்துக்கொண்டு போய் மண்ணெண்ணெயில் போட்டுக் கழுவினார். அழுக்கே இல்லாத குண்டை வெகுநேரம் கழுவினார். திரும்பிப் பார்க்கத் தெம்பில்லை.

"எண்ணெய்ப் பிசுக்கு" என்றார் மாப்பிள்ளை, பின்னாலிருந்து.

"ஆமா, வழுக்கும்" என்றார் இவர்.

அதன் பிறகு பெட்டிக்காரருக்கு ஒரே அவசரம். வாசலில் வந்து நின்ற வேலையெல்லாம் திருப்பி அனுப்பினார். புதுப் பெட்டிக்கும் பின்னால் இருக்கும் சின்னப் பெட்டிக்கும் நடுவில் இணைப்புத் துண்டு ஒன்று கடைய வேண்டியிருந்தது. லேத் பட்டறை நடத்துகிற அம்மாளிடம் அளவு கொடுத்தார். அந்த அம்மாள் அதிகம் பேசாது. சொன்ன அளவுக்கு மேல் ஒரு தூசு விடாது. மூன்று வாரம் கழித்து வந்த துண்டை மாட்டி, வண்டியை முட்டுக் கொடுத்துத் தூக்கிச் சக்கரத்தைச் சுழல விட்டுப் பார்த்தபோது, அந்தத் துண்டு முறுக்கிக்கொண்டு போய்விட்டது. அளவில் தப்பில்லை, இரும்பு வலுவில்லை. இரும்பு வாங்கிக் கொடுத்தது பெட்டிக்காரர்தான்.

முறுக்கிய துண்டைத் தூக்கிக்கொண்டு போய் அந்த அம்மாளிடம் கத்தினார்.

"வேற இரும்பு கொண்டு வாங்க. இன்னொரு மூணு வாரம் ஆகும்" என்றது அந்த அம்மாள்.

"மூணு வாரம் எங்கிட்ட இல்லம்மா."

அந்த அம்மாள் அவர் முகத்தைப் பார்த்தது. யாருக்கு, எதற்கு என்று கேட்கவில்லை. லேத்தில் மாட்டியிருந்த வேறொருவர் வேலையைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு, "இரும்பு எங்க?" என்றது. ஐந்தாம் நாள் கொடுத்துவிட்டது. அதற்குள் மாப்பிள்ளையின் வலது கால், எழுந்து நிற்கும்போது நடுங்க ஆரம்பித்திருந்தது.

ஆக்ஸிலேட்டருக்கும் பிரேக்குக்கும் வலது கால் வேண்டும். பெட்டிக்காரர் அதற்கும் வழி யோசித்தார். ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் ஒரு கைப்பிடி. தன் பக்கம் இழுத்தால் வேகம், தள்ளினால் பிரேக். கம்பி வளைத்து, பற்றவைத்து, இரண்டு வாரத்தில் பொருத்தினார். பொருத்தி முடித்தபோது மாப்பிள்ளையால் டீ டம்ளரைத் தூக்க முடியவில்லை. தங்கை ஸ்ட்ரா வாங்கி வைத்திருந்தாள். கைப்பிடியை இன்னும் லேசாக்க ஸ்பிரிங்கை மாற்றினார். எதைச் செய்து முடித்தாலும் அந்த நோய் அதற்கு ஒரு மாதம் முன்னாலேயே போய் அங்கே நின்றுகொண்டிருந்தது. ஓடி ஓடிப் பிடிக்கப் பார்த்தார். அது நடந்துதான் போயிற்று, ஆனாலும் பிடிபடவில்லை.

வண்டி முதன்முதலாகத் தன் காலில் நகரப்போகிற நாள் ஞாயிற்றுக்கிழமையாக இருந்தது. தங்கையும் வந்திருந்தாள். இரண்டு பேருமாக மாப்பிள்ளையைத் தூக்கி ஓட்டுநர் இருக்கையில் உட்கார வைத்து, சாயாமல் இருக்க மார்புக்குக் குறுக்கே பெல்ட் போட்டார்கள். அவர் நல்ல சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். முகம் சவரம் செய்திருந்தது. இன்ஜின் ஓடியது. பெட்டியின் கம்பியைத் தள்ளிப் போட்டதும் வண்டி யாரும் எதுவும் செய்யாமலே மெல்ல ஊர ஆரம்பித்தது. மாப்பிள்ளையின் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. அப்படிச் சிரித்து எட்டு மாதம் ஆகியிருந்தது.

பெட்டிக்காரர் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தார். முற்றத்தின் பாதி வரைக்கும் எல்லாம் சரியாகப் போயிற்று. மாப்பிள்ளை கைப்பிடியை லேசாக இழுத்தார். வண்டி வேகம் பிடித்தது. சுவர் வந்தது.

"தள்ளு மாப்பிள்ளை. பிரேக்கு, தள்ளு."

அவர் தள்ளிக்கொண்டுதான் இருந்தார். கழுத்து நரம்பு புடைத்துக்கொண்டு நின்றது. கைப்பிடி அசையவில்லை. பெட்டிக்காரர் ஜன்னல் வழியாக உள்ளே பாய்ந்து சாவியைத் திருப்பினார். வண்டி, அடுக்கி வைத்திருந்த பழைய டயர்களில் போய் மெத்தென்று முட்டி நின்றது. யாருக்கும் ஒன்றும் இல்லை. டயர் ஒன்று மட்டும் உருண்டு போய்த் தெருவில் விழுந்தது.



"ஸ்பிரிங்கு இன்னும் கொஞ்சம் லேசா போட்டா…" என்று தொடங்கினார் பெட்டிக்காரர்.

"இறக்கு மச்சான்."

"ஒரு வாரத்துல…"

"இறக்கி விடுன்னு சொல்றேன்ல."

பத்து நாள் மாப்பிள்ளை பட்டறைக்கு வரவில்லை. பெட்டிக்காரர் வீட்டுக்குப் போனால் அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். சமையலறையில் தங்கை குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "நீ நல்லதுதான் செஞ்சண்ணா. ஆனா அந்த வண்டி ரெடியாயிட்டா தானும் சரியாயிடுவோம்னு அவரு உள்ளுக்குள்ள நெனச்சுக்கிட்டு இருந்திருக்காரு. எனக்கும் நேத்துதான் புரிஞ்சுது." பெட்டிக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன் என்று சொல்ல வாய் வரவில்லை.

பதினோராம் நாள் தங்கை தனியாகப் பட்டறைக்கு வந்தாள்.

"அந்தக் கைப்பிடியக் கழட்டு. எனக்கு ஓட்டக் கத்துக் குடு."

"உனக்கா?"

"ஆஸ்பத்திரிக்கு அவரை ஆட்டோவுல ஏத்த இறக்க என்னால முடியலண்ணா. கிளட்ச் இல்லைன்னா சுலபம்னு சொன்னியே."

சைக்கிள் கூட ஓட்டத் தெரியாதவள். இரண்டு வாரத்தில் கற்றுக்கொண்டாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெட்டிக்காரர்தான் கஷ்டப்பட்டார். ஒவ்வொரு முறை கியர் மாறும்போதும் அவருடைய இடது கால் தானாகப் போய்த் தரையை மிதித்தது. அவள் சிரித்தாள். அவரால் நிறுத்த முடியவில்லை.

அப்போது மாப்பிள்ளைக்குப் பேச்சு குழற ஆரம்பித்திருந்தது. தங்கைக்கு மட்டும் புரியும். அவள்தான் மற்றவர்களுக்கு எடுத்துச் சொல்வாள். ஒருநாள் அவர் ஏதோ சொன்னார். அவள் அண்ணனிடம் சொன்னாள்.

"மலைக்கு ஒரு தடவை போகணுமாம்."

டாக்டரைக் கேட்டால் வேண்டாம் என்பார் என்று தெரிந்ததால் கேட்கவில்லை. ஒரு காலை வேளையில் கிளம்பினார்கள். தங்கை ஓட்டினாள், மாப்பிள்ளை பக்கத்தில், கழுத்துக்குத் தலையணை வைத்து, பெட்டிக்காரர் பின்னால். வளைவுக்கு வளைவு மாப்பிள்ளை குழறுவார். "ரெண்டுலயே வைக்கணுமாம்" என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு அவள் கம்பியை இழுப்பாள். "வலது பக்கம் ஒட்டி. அந்தக் கல்லு ஆடுமாம்." வண்டி ஏறியது. பாறைக்குப் பாறை பெட்டி ஒழுங்காக வேலை செய்தது. பெட்டிக்காரருக்கு, சொன்னால் வெட்கம், கொஞ்சம் பெருமையாகக் கூட இருந்தது.

பதினான்காவது வளைவில் கருகல் வாசனை வந்தது. இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே வண்டி நின்றுவிட்டது. பெட்டிக்காரர் இறங்கி அடியில் படுத்துப் பார்த்தார். சூடு தாங்காமல் பெட்டியின் எண்ணெய் கொதித்து, முன்பக்க ரப்பர் அடைப்பைத் தள்ளிக்கொண்டு சிவப்பாகக் கொட்டிக்கொண்டிருந்தது. இந்த ஜாதிப் பெட்டிக்கு மலை ஏற வேண்டுமானால் எண்ணெயைக் குளிரவைக்கப் பெரிய ரேடியேட்டர் தனியாக வேண்டும். ஊருக்குள்ளேயே ஓட்டிப் பார்த்தவருக்கு அது தோன்றவில்லை. முப்பது வருஷ அனுபவத்துக்குத் தோன்றவில்லை. கையில் அடைப்பும் இல்லை, எண்ணெயும் இல்லை. படுத்த இடத்திலேயே கிடந்தார். சூடான எண்ணெய் முழங்கையில் சொட்டியது. கையை நகர்த்தவில்லை.

மேலே மாப்பிள்ளைக்கு இருமல் வந்தது. எச்சில் விழுங்க முடியாத இருமல். வந்தால் சீக்கிரம் நிற்காது. தங்கை முதுகைத் தட்டுகிற சத்தம் கேட்டது. அது நிற்கிறவரைக்கும் பெட்டிக்காரர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

பிறகு மாப்பிள்ளை ஏதோ சொன்னார்.

"என்னவாம்?" என்று கேட்டார் அடியிலிருந்து.

"கோபுரத்துக்குக் கீழயே நிக்கிறோம், போனுக்கு சிக்னல் பிரமாதமா இருக்கும், யாரையாவது கூப்பிடச் சொல்றாரு."

கூப்பிட ஒரே ஆள்தான் இருந்தான், மலை வேலையை எடுத்துக்கொண்ட புது டிரைவர். அவன் அப்போது உச்சியில் டீசல் இறக்கிக்கொண்டிருந்தான். இரண்டு மணி நேரம் கழித்து வந்தான். வந்தவன் மாப்பிள்ளையைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றிவிட்டு, "அண்ணே, பதினெட்டாவது வளைவுல மட்டும் பின்சக்கரம் சறுக்குது. நீங்க எப்படி எடுப்பீங்க?" என்று கேட்டான். மாப்பிள்ளை நிதானமாக, நின்று நின்று சொன்னார். தங்கை ஒவ்வொரு வார்த்தையாக எடுத்துக் கொடுத்தாள். அவன் தலையாட்டிக் கேட்டுக்கொண்டான். பிறகு சங்கிலி கட்டி வண்டியைக் கீழே இறக்கிக் கொண்டுவந்தான். உச்சிக்கு இன்னும் எட்டு வளைவு இருந்தது. மாப்பிள்ளையால் தலையைத் திருப்பிப் பார்க்க முடியாது. யாரும் திருப்பிவிட நினைக்கவும் இல்லை. அந்த நினைப்பு பெட்டிக்காரருக்கு வீட்டுக்கு வந்த பிறகுதான் வந்தது.

ஒரே வாரத்தில் பெரிய ரேடியேட்டர் வைத்துவிட்டார். அதற்குப் பிறகு வண்டியில் ஒரு குறையும் இல்லை. தங்கை அதில் மாப்பிள்ளையை ஆஸ்பத்திரிக்கு ஆறு முறை கூட்டிப் போனாள். ஏழாவது முறை மூச்சு விட உதவுகிற மெஷின் ஒன்றை இரவலாகக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். பெட்டிக்காரர் தினமும் போய்ப் பக்கத்தில் உட்காருவார். மெஷினின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பார். அதில் சின்ன விசில் சத்தம் வந்தால் எந்தக் குழாய் தளர்ந்திருக்கிறது என்று கண்டுபிடித்துச் சரிசெய்வார். அவ்வளவுதான் செய்ய முடிந்தது. மாப்பிள்ளை கண்ணால் சிரிப்பார். மழைக்காலம் தொடங்கிய இரண்டாம் வாரம், ஒரு மத்தியான வேளையில், மெஷின் சரியாக ஓடிக்கொண்டிருக்கும்போதே போய்விட்டார்.

காரியங்கள் எல்லாம் முடிந்து இருபது நாள் கழித்து, மெஷினைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமென்று ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. தங்கை அதைத் துடைத்து, குழாய்களைச் சுருட்டி, வந்த அட்டைப்பெட்டியிலேயே வைத்திருந்தாள். இரண்டு பேருமாக ஜீப்பில் கொண்டுபோனார்கள். ஜன்னலுக்குப் பின்னால் இருந்தவர் மெஷினின் எண்ணைச் சரிபார்த்துவிட்டு, ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, "நல்ல கண்டிஷன்ல இருக்கு. வெளிய நாலு பேர் இதுக்காகக் காத்திருக்காங்க" என்றார். தங்கை தலையாட்டினாள்.

திரும்பும்போது மழை தூறியது. வைப்பர் ஒரு பக்கம்தான் வேலை செய்தது.

"எங்கண்ணா இறக்கிவிட, வீட்டுலயா பட்டறையிலயா?"

"பட்டறையில."

அவரை இறக்கிவிட்டு அவள் போனாள். வாசலில் ஒரு லாரிக்காரர், பெட்டியை இறக்கித் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு நனையாமல் ஒதுங்கி நின்றிருந்தார்.

"மாசக்கணக்கா நீங்க வேலையே எடுக்கிறதில்லைன்னாங்க" என்றார். "எப்ப கிடைக்கும்?"

பெட்டிக்காரர் பூட்டைத் திறந்து கதவைத் தள்ளினார்.

"திறந்து பாத்தாத்தான் தெரியும். உள்ள கொண்டு வாங்க."